சீசரின் பீடத்தில் வைக்க முடியாதது
(தொடர் – 14)

சென்ற இதழில் கர்தினால் ஆகஸ்ட் ஹ்லோண்டின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். 1948 அக்டோபர் 22. போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் வார்சா நகரம் செங்கல் குவியலாகவே கிடந்தது. அந்த நிலையில் போலந்துத் திருச்சபை தலைவரை இழந்தது. மூன்றே வாரத்தில், நவம்பர் 12 அன்று, திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புதியவரை நியமித்தார். லுப்ளின் ஆயர் ஸ்தெஃபான் விஷின்ஸ்கி இனி க்னியெஸ்னோவுக்கும் வார்சாவுக்கும் பேராயர். அந்தப் பதவியோடு சேர்ந்து வருவது, போலந்தின் முதன்மைப் பேராயர் என்ற பட்டம். அப்போது அவருக்கு வயது 47. ஆயராகி இரண்டரை ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இந்த முதன்மைப் பேராயர் பட்டத்தின் கனம் தெரியாவிட்டால், பின்னால் வரும் மோதல் முழுவதும் பிடிபடாது. பழைய போலந்தில் அரசனைப் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். ஓர் அரசன் இறந்து அடுத்தவன் முடிசூடும்வரை, நாட்டின் பொறுப்பை க்னியெஸ்னோ பேராயரே ஏற்றார். பிறகு ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் நாட்டைப் பங்குபோட்டுக்கொண்டன; 123 ஆண்டுகள் போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லை. அரசன் இல்லை, நாடாளுமன்றம் இல்லை, படை இல்லை. மிச்சம் இருந்தது கோயிலும் மொழியும்தான். பிஸ்மார்க் காலத்தில் இதே க்னியெஸ்னோவின் பேராயராக இருந்த லெதுஹோவ்ஸ்கி 1874-இல் பிரஷ்யச் சிறைக்குப் போனார். சிறையில் இருக்கும்போதே கர்தினாலாக உயர்த்தப்பட்டார். ஆட்சியாளர்களுக்கு அஞ்சாமல் நின்ற பேராயர்களின் வரிசை ஒன்று மக்கள் நினைவில் இருந்தது. 1948-இல் வார்சாவில் ஆட்சி நடத்திய கம்யூனிஸ்டுகளும் போலந்துக்காரர்கள்தாம். அவர்களுக்கும் இந்த வரலாறு தெரியும்.

புதிய பேராயர் 1949 பிப்ரவரி 6 அன்று வார்சாவில் பொறுப்பேற்றார். அதற்கு இரண்டு நாள் கழித்து புடாபெஸ்ட் நீதிமன்றம் ஹங்கேரியின் கர்தினால் மின்ட்சென்டிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குரோஷியாவில் பேராயர் ஸ்டெபினாட்ஸ் 1946 முதலே 16 ஆண்டு தண்டனையில் இருந்தார். அதே 1949 ஜூனில் பிராகில் பேராயர் பெரான் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். கிழக்கு ஐரோப்பாவின் தலைநகர் ஒவ்வொன்றிலும் பேராயரின் நாற்காலி காலியாகிக்கொண்டிருந்தது. அடுத்தது யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் விஷின்ஸ்கி செய்தது பலரும் எதிர்பாராதது. அவர் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்.

ஏன் என்று புரிந்துகொள்ள அவருடைய முந்தைய வாழ்க்கைக்குப் போக வேண்டும். பூக் ஆற்றங்கரையில் ஸுஸெலா என்ற சிற்றூரில் 1901 ஆகஸ்ட் 3 அன்று பிறந்தவர். தகப்பனார் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். ஒன்பது வயதில் தாயை இழந்தார். குருமடத்தில் படிக்கும்போது நுரையீரல் நோய் வந்து, கூடப் படித்தவர்களோடு திருப்பொழிவு பெற முடியாமல் போயிற்று. ஒரு மாதத்துக்கு மேல் தள்ளி, தன் 23-ஆவது பிறந்தநாளன்று தனியாளாக வுவோட்ஸ்வாவெக் பேராலயத்தில் குருவானார். அன்று அவரைப் பார்த்த கோயில் பணியாள், இந்த உடம்பை வைத்துக்கொண்டு கல்லறைக்குப் போவதுதான் பொருத்தம் என்று சொன்னாராம். பிற்காலத்தில் அதை அவரே எடுத்துச் சொல்வார். லுப்ளின் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றபின் ஊருக்குத் திரும்பி, குருமடத்தில் பாடம் நடத்தியதோடு தொழிலாளர்களுக்கு மாலை வகுப்புகளும் எடுத்தார். கூலி, வேலையின்மை, தொழிற்சங்க உரிமை ஆகியவை பற்றி நிறைய எழுதினார். மார்க்ஸை எதிரியின் புத்தகமாக ஒதுக்காமல் படித்தவர். பின்னாளில் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்த அதிகாரிகளைவிட அவருக்கு அந்தப் பாடம் நன்றாகத் தெரிந்திருந்தது.

1939-இல் ஜெர்மானியர்கள் வந்தார்கள். வுவோட்ஸ்வாவெக்கின் துணை ஆயர் மிகாவ் கோசல் அவரை ஊரைவிட்டுப் போய்விடும்படி கட்டளையிட்டார். கட்டளை என்பதால் போனார். கட்டளையிட்ட ஆயர் 1943-இல் டாக்காவ் முகாமில் இறந்தார். அந்த ஒரு முகாமில் மட்டும் அடைக்கப்பட்ட போலந்துக் குருக்கள் 1,780 பேர்; அவர்களில் 868 பேர் திரும்பவில்லை. விஷின்ஸ்கியோடு படித்தவர்களும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்ததற்குக் காரணம் ஓர் ஆயரின் முன்யோசனை மட்டுமே.

1944-இல் வார்சா எழுச்சி நடந்தபோது, நகருக்கு வெளியே லாஸ்கியில் பார்வையற்றோர் இல்லத்தில் தங்கி, காயம்பட்ட போராளிகளுக்கு ஆன்ம குருவாக இருந்தார். எரிகிற நகரத்திலிருந்து காற்று கரித்தாள்களை வாரிக்கொண்டு வந்து தோட்டத்தில் போட்டது. ஒரு நாள் அவர் குனிந்து எடுத்த தாளில் ஓரமெல்லாம் கருகி, அன்பு செய்யச் சொல்லும் சொற்கள் மட்டும் படிக்கும்படி மிஞ்சியிருந்தன. அதைக் கோயிலுக்குள் கொண்டுபோய் அங்கிருந்தவர்களிடம் காட்டினார். எரியும் நகரம் தங்களுக்கு அனுப்பக்கூடிய செய்தியில் இதைவிடப் பெரியது இல்லை என்றார்.

இப்படி வந்த மனிதர், 1949-இல் நிலைமையை எடைபோட்டபோது, இன்னொரு இரத்தக் குளியலுக்குத் திருச்சபையைக் கொண்டுபோய் நிறுத்த விரும்பவில்லை. டாக்காவில் கொடுத்தது போதும் என்று நினைத்தார். மறைசாட்சியாவது பெரிய அருள்தான். ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தை அதற்குள் தள்ளும் உரிமை மேய்ப்பனுக்கு இல்லை என்பது அவருடைய முடிவு. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது இதுதான். சிறைக்குப் போகத் துணிந்தவர்கள் பலர். சிறைக்குப் போவது தனக்குப் புகழாக முடியும் என்று தெரிந்தும், அதைத் தள்ளிப்போட நான்கு ஆண்டுகள் பொறுமையாகப் பேரம் பேசியவர்கள் குறைவு.

1950 ஏப்ரல் 14 அன்று ஆயர் பேரவையின் சார்பில் மூன்று ஆயர்களும் அரசின் பிரதிநிதிகளும் 19 அம்ச உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டார்கள். பள்ளிகளில் மறைக்கல்வி, லுப்ளின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், கத்தோலிக்கப் பத்திரிகைகள், மருத்துவமனையிலும் சிறையிலும் படையிலும் குருக்களின் பணி, பொது வழிபாடு, இவற்றுக்கு அரசு உறுதி கொடுத்தது. விசுவாசம், ஒழுக்கம், திருச்சபை ஆட்சி ஆகியவற்றில் திருத்தந்தையே உச்ச அதிகாரி என்று ஒரு கம்யூனிஸ்ட் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது. வேறெந்த அண்டை நாட்டிலும் இப்படி ஒரு தாள் இல்லை. பதிலுக்கு ஆயர்கள், அரசின் சட்டத்தை மதிக்கும்படி மக்களுக்குப் போதிக்கவும், ஜெர்மனியிடமிருந்து பெற்ற மேற்குப் பகுதிகள் போலந்துக்கே உரியவை என்பதை ஆதரிக்கவும், காடுகளில் இன்னும் ஆயுதத்தோடு திரிந்த தலைமறைவுக் குழுக்களைக் கண்டிக்கவும் ஒப்புக்கொண்டார்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த அம்சத்தை வாசிக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. அந்தக் காட்டு மனிதர்களில் பலர் ஹிட்லரை எதிர்த்து நின்றவர்கள். புதிய ஆட்சி அவர்களை வேட்டையாடிச் சுட்டுக்கொண்டிருந்தது. அவர்களுடைய தாய்மார்கள் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். விஷின்ஸ்கி கொடுத்த விலையில் இதுதான் கொடியது. ரோமும் மகிழவில்லை, முன்கூட்டித் தெரிவிக்காமல் உடன்பாடு செய்தது அங்கே கசப்பை உண்டாக்கியது. போலந்திலேயே மூத்தவரான கிராக்கோவ் கர்தினால் சாபியெஹாவுக்கும் இதில் நிறைவு இல்லை. புதிய பேராயர் அரசுக்கு வளைந்துகொடுக்கிறார் என்ற பேச்சு பரவியது. அவர் மறுப்பு அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. உடன்பாட்டின் வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அரசு அதை மீறும் ஒவ்வொரு முறையும் எண் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினார்.

மீறல்கள் உடனே தொடங்கின. உடன்பாட்டுக்கு முன்பே, 1950 ஜனவரியில், திருச்சபையின் தொண்டு நிறுவனமான காரித்தாஸை அரசு கைப்பற்றியிருந்தது; மார்ச்சில் திருச்சபை நிலங்களும் போயின. 1951 ஜனவரியில் மேற்குப் பகுதி மறைமாவட்டங்களிலிருந்து திருச்சபை நியமித்த நிர்வாகிகளை அரசு வெளியேற்றி, தனக்குப் பிடித்தவர்களை உட்காரவைத்தது. விஷின்ஸ்கி அந்தப் புதியவர்களுக்கும் முறைப்படி அதிகாரம் வழங்கினார். பலர் திகைத்தார்கள். அவர் அதைச் செய்யாதிருந்தால் அங்கே இரண்டு திருச்சபைகள் உண்டாகியிருக்கும். அரசு எதிர்பார்த்துக் காத்திருந்ததும் அதையே. அதே மாதம் கெல்ட்சே ஆயர் செஸ்வாவ் காச்மாரெக் கைதானார். 'தேசபக்தக் குருக்கள்' என்ற பெயரில் அரசு ஒரு கூட்டத்தைத் திரட்டி வளர்த்தது. குருமடங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நெருக்கடி கூடிக்கொண்டே போனது.

1952 இறுதியில் விஷின்ஸ்கி கர்தினாலாக அறிவிக்கப்பட்டார். கர்தினால் தொப்பியை வாங்க ரோமுக்குப் போக முடியவில்லை. போனால் திரும்பி வரவிட மாட்டார்கள் என்ற அச்சம் அவ்வளவு ஆதாரமற்றதல்ல.

பிறகு வந்தது 1953 பிப்ரவரி 9 ஆணை. இனி ஆயர் முதல் பங்குக்குரு வரை, திருச்சபையின் எந்தப் பதவிக்கும் ஒருவரை நியமிக்கவோ மாற்றவோ நீக்கவோ அரசின் முன் அனுமதி வேண்டும். பதவியில் இருப்பவர்கள் மக்கள் குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். அரசுக்கு விரோதமாக நடந்தவர் என்று யாரையாவது சொன்னால் நீக்கிவிட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் ஒரு நிர்வாக விதிதான். அதன் பொருள், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் யார் உட்காரலாம் என்பதைக் கட்சி அலுவலகம் முடிவுசெய்யும் என்பது. நிலம் போனபோதும் தொண்டு நிறுவனம் போனபோதும் பொறுத்த விஷின்ஸ்கி இங்கே நின்றார். சொத்தையும் வசதியையும் கௌரவத்தையும் விட்டுக்கொடுக்கலாம். மேய்ப்பர்களை அனுப்பும் உரிமையை விட்டுக்கொடுத்தால் பிறகு காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

அடுத்த மாதம் ஸ்டாலின் இறந்தார். கிராக்கோவின் கத்தோலிக்க வார இதழான 'திகோத்னிக் பொவ்ஷெக்னி', அரசு கேட்டபடி அவருக்குப் புகழஞ்சலி வெளியிட மறுத்தது. இதழ் பறிக்கப்பட்டு, அரசுக்கு இணக்கமான குழு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

மே 8 அன்று ஆயர்கள் கிராக்கோவில் கூடினார்கள். அந்தத் தேதி தற்செயலானதல்ல. அது புனித ஸ்தனிஸ்லாவின் திருநாள். 1079-இல் போலெஸ்வாவ் அரசனைக் கண்டித்ததற்காகக் கொலையுண்ட கிராக்கோவ் ஆயர் அவர். 1953-இல் ஆட்சித் தலைமையில் இருந்த பியெருட்டின் முதற்பெயரும் போலெஸ்வாவ் என்பதைப் போலந்துக்காரர் எவருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அன்று ஆயர்கள் அரசுக்கு எழுதிய நீண்ட மனு, மூன்று ஆண்டு மீறல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தது. அதன் தொனியில் ஆத்திரம் இல்லை. ஒரு வழக்கறிஞரின் நிதானம்தான் இருந்தது. ஆனால் முடிவில், கடவுளுக்கு உரியவற்றைச் சீசரின் பீடத்தில் வைத்துப் பலியிடத் தங்களுக்கு உரிமையில்லை என்று எழுதி, இரண்டு லத்தீன் சொற்களோடு முடித்தார்கள்: 'நோன் போஸ்ஸுமுஸ்'. எங்களால் முடியாது.

கோடைக்காலம் முழுவதும் அரசு மௌனமாக இருந்தது. செப்டம்பர் 14 அன்று ஆயர் காச்மாரெக்கை வார்சா ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கூண்டில் வைத்துச் சிதைக்கப்பட்ட மனிதர், மனப்பாடம் செய்தவரைப்போல எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். அமெரிக்காவுக்கும் வத்திக்கானுக்கும் உளவு பார்த்ததாக 12 ஆண்டு தண்டனை. முதன்மைப் பேராயர் இப்போது தன் சக ஆயரைக் கண்டித்து அறிக்கை விட வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. விஷின்ஸ்கி வாய்திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, இப்படி நடத்தப்பட்ட விசாரணையை ஆட்சேபித்து அரசுக்கு எழுதினார்.

செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. வார்சாவின் பாதுகாவலரான அருளாளர் கெல்னியோவ் வ்வாதிஸ்வாவின் திருநாள். மாலையில் புனித அன்னாள் கோயிலில் விஷின்ஸ்கி மறையுரை ஆற்றினார். கோயில் நிரம்பி வழிந்தது. இரவு மியோதோவா தெருவில் உள்ள தன் இல்லத்துக்குத் திரும்பிப் படுக்கப் போகும் நேரம். வெளிக்கதவைத் தட்டும் சத்தம். விளக்குகள் எரிந்தன. முற்றத்தில் ஆட்கள். வீட்டு நாய், பாட்ஸா என்று பெயர், வந்தவர்களில் ஒருவரைக் கடித்துவிட்டது. நள்ளிரவில் தன்னைக் கைதுசெய்ய வந்தவனுடைய காயத்தைக் கர்தினால் பார்த்தார். வீட்டிலிருந்த அருட்சகோதரி அயோடின் கொண்டுவந்தார். காயத்தைத் துடைத்துக் கட்டுப்போட்டார்கள். நாய்க்கு வெறி இல்லை, பயப்பட வேண்டாம் என்று அவர் அந்த அதிகாரிக்குச் சொன்னார்.

பிறகு ஆணையை நீட்டினார்கள். பதவி வகிக்கத் தடை. உடனே நகரத்தைவிட்டு வெளியேற வேண்டும். அவர் அதைப் படித்ததற்கு அடையாளமாக மட்டும் எழுதிக் கொடுத்தார். ஆணையை ஏற்கவில்லை என்று சொன்னார். துணிமணிகளை எடுத்துவைக்கச் சொன்னார்கள். இந்த வீட்டுக்கு ஏழையாக வந்தேன், ஏழையாகவே போவேன் என்ற பொருளில் மறுத்துவிட்டார். திருப்புகழ்மாலையையும் செபமாலையையும் எடுத்துக்கொண்டார். வீட்டுக் கோயிலில் ஒரு கணம் நின்றார். கார்களின் கண்ணாடிகளில் சேறு பூசப்பட்டிருந்தது. எந்தப் பக்கம் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

விடிகாலையில் வந்து சேர்ந்த இடம் ரிவாவ்ட் என்ற ஊரில் கப்புச்சின் துறவிகளின் மடம். அறைச் சன்னல்களில் காகிதம் ஒட்டியிருந்தது. கட்டிலுக்கு மேலே ஒரு படம். துயருற்றோரைத் தேற்றும்படி ரிவாவ்ட் அன்னையை வேண்டும் வரி அதன் கீழே. அன்று தன்னோடு நட்பாகப் பேசிய முதல் குரல் அதுதான் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளின் பெயர்களையும் சுவரைச் சுற்றி எழுதி, தனக்கென ஒரு கோயிலை உண்டாக்கிக்கொண்டார். கைதானதில் அவருக்கு ஒருவித ஆறுதல்கூட இருந்தது. தன்னுடைய குருக்களும் ஆயர்களும் சிறையில் இருக்கும்போது தான் மட்டும் வெளியே இருப்பது அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

வெளியே நடந்தது அவ்வளவு அழகாக இல்லை. மூன்று நாள் கழித்து மீதமிருந்த ஆயர்கள் கூடி, மிரட்டலுக்கு நடுவே, லோட்ஸ் ஆயர் மிகாவ் க்ளெபாச்சைத் தலைவராக்கி, அரசு விரும்பிய வகையில் ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். டிசம்பரில் விசுவாசப் பிரமாணமும் எடுத்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காச்மாரெக்கின் முகத்தை நீதிமன்றத்தில் பார்த்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் அன்று விஷின்ஸ்கி தனியாக விடப்பட்டார் என்பதும் உண்மை.

அக்டோபரில் அவரை வடக்கே ஸ்டோச்செக்கில் ஒரு பழைய மடத்துக்கு மாற்றினார்கள். முள்வேலி, காவல் வீரர்கள், சுவர்களுக்குள் ஒலிவாங்கிகள். அந்தக் கட்டடத்தின் குளிரைப் பற்றி அவர் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். இளமையில் நுரையீரல் கெட்டவருக்கு ஈரச்சுவர் என்பது தண்டனைக்குள் இன்னொரு தண்டனை. உடன் இருக்க, அரசு வேறு சிறைகளிலிருந்து ஒரு குருவையும் ஓர் அருட்சகோதரியையும் அனுப்பிவைத்தது. இருவரும் தண்டனை பெற்ற கைதிகள். அவரைப் பற்றிய அறிக்கைகளை இருவரும் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்துவந்தார்கள் என்பது, ஆட்சி மாறி ஆவணங்கள் திறக்கப்பட்டபோது உறுதியானது. அவர் அந்த இருவரோடும் ஒன்றாகத் திருப்பலி நிறைவேற்றினார், ஒரே மேசையில் சாப்பிட்டார், அருட்சகோதரிக்கு லத்தீன் கற்றுக்கொடுத்தார். சிறைக்குள்ளும் நாளை மணிக்கணக்காகப் பிரித்து, செபம், படிப்பு, எழுத்து, நடை என்று ஒழுங்கு வைத்திருந்தார். தகப்பனாருக்குக் கடிதம் எழுதலாம். தணிக்கையில் எது மிஞ்சுகிறதோ அது போய்ச் சேரும். 1953 டிசம்பர் 8 அன்று, மூன்று வாரத் தயாரிப்புக்குப் பின், தன்னை முழுவதுமாக அன்னை மரியாவுக்கு ஒப்புக்கொடுத்தார். அதன்பிறகு தனக்கு என்ன ஆகும் என்ற கவலை அவர் குறிப்புகளில் குறைந்துகொண்டே போகிறது.

1954 அக்டோபரில் விமானத்தில் ஏற்றி நாட்டின் மறுகோடிக்கு, ப்ருட்னிக் காட்டுக்குள் உள்ள பிரான்சிஸ்கன் மடத்துக்குக் கொண்டுபோனார்கள். பதவியைத் துறந்தால் நிலைமை மேம்படும் என்ற பேரம் அங்கே அவர்முன் வைக்கப்பட்டது. மறுத்தார். ப்ருட்னிக்கில் இருக்கும்போது சியென்கியேவிச்சின் 'பிரளயம்' நாவலை மறுபடி வாசித்தார். 1655-இல் ஸ்வீடன் படை நாட்டை விழுங்கியபோது யாஸ்னா கூரா மடம் மட்டும் முற்றுகையைத் தாங்கி நின்ற கதை அது. அரசன் யான் காஸிமியெர்ஸ் அப்போது ஒதுங்கியிருந்த க்லொகூவெக், ப்ருட்னிக்கின் பக்கத்து ஊர். அரசன் 1656-இல் லிவுவ் நகரில் அன்னை மரியாவைப் போலந்தின் அரசியாக ஏற்று வாக்குறுதி எடுத்தான். ஏழை மக்களின் சுமையை இறக்குவதாகவும் அதில் உறுதி சொன்னான். அந்த உறுதி நிறைவேறாமலே போயிற்று. முந்நூறு ஆண்டு நிறைவு நெருங்குகிறது என்ற நினைப்பு சிறையிலிருந்தவரின் மனத்தில் தங்கிவிட்டது.

1955 அக்டோபர் இறுதியில் தென்கிழக்கு மூலையில் கொமான்ச்சாவுக்கு மாற்றினார்கள். சுற்றிலும் மலை, காடு, 1947-இல் உக்ரேனிய மக்களை அரசு வெளியேற்றியதால் வெறிச்சோடிப்போன கிராமங்கள். இங்கே நாசரேத் சபை அருட்சகோதரிகளின் இல்லம். காவல் இருந்தது, ஆனால் வெளியே நடக்கலாம், பார்வையாளர்கள் வரலாம். வாக்குறுதியைப் புதுப்பிக்க வாசகம் எழுதித் தரும்படி கேட்டபோது முதலில் மறுத்தார். சிறையில் இருப்பவன் எழுதுவது முறையல்ல என்றார். தூய பவுல் தம் கடிதங்களைச் சிறையிலிருந்துதானே எழுதினார் என்று பார்க்க வந்த ஒருவர் எடுத்துச் சொன்னார். 1956 மே 16 அன்று விஷின்ஸ்கி எழுதி முடித்தார். தாள்கள் இரகசியமாக யாஸ்னா கூராவுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 12 அன்று, மாஸ்கோவில் பியெருட் இறந்திருந்தார். தன்னைச் சிறையில் தள்ளிய மனிதருக்காக விஷின்ஸ்கி திருப்பலி ஒப்புக்கொடுத்தார். எவரும் பார்க்காத மலைக் கிராமத்தில், எவருக்கும் காட்ட வேண்டிய தேவையில்லாமல் செய்தார். அவர் எழுதியவற்றுள் பியெருட் மேல் வெறுப்பைத் தேடினால் கிடைக்காது.

ஆகஸ்ட் 26 அன்று செஸ்டோஹோவாவின் யாஸ்னா கூரா குன்றைச் சுற்றிப் பத்து லட்சம் பேர் கூடினார்கள். பேருந்தும் ரயிலும் மறிக்கப்பட்ட இடங்களில் நடந்தே வந்தார்கள். பீடத்தில் முதன்மைப் பேராயருக்குரிய நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் வெள்ளையும் சிவப்புமாக ரோஜாக்கள். வாக்குறுதியை உரக்க வாசித்தவர் ஆயர் க்ளெபாச். மூன்று ஆண்டுகளுக்கு முன் அரசு விரும்பிய அறிக்கையில் கையெழுத்திட்ட அதே க்ளெபாச். ஒவ்வொரு பத்திக்கும் மக்கள் உறுதி கூறினார்கள். குடும்பம், பிறக்காத குழந்தையின் உயிர், சோம்பலும் குடியும் ஒழித்தல், பசித்தவருக்கும் வீடில்லாதவருக்கும் பங்கு கொடுத்தல் என்று போகும் வாசகத்தில் ஆட்சியாளர்களைச் சாடும் வரி ஒன்றுகூட இல்லை. தன் மக்கள் திருந்தி நிமிர வேண்டும் என்பதே அவருடைய கவலை. அதே நாளில் கொமான்ச்சாவின் சிறிய கோயிலில் அவர் அந்த வாசகத்தைத் தனியாக வாசித்தார்.

இதற்குள் நாடு கொதித்துக்கொண்டிருந்தது. ஜூனில் பொஸ்னான் தொழிலாளர்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கியபோது சுடப்பட்டார்கள். அக்டோபர் 19 அன்று குருஷ்சேவ் அழையாமலே வார்சாவுக்குப் பறந்துவந்தார். சோவியத் படைகள் தலைநகரை நோக்கி நகர்ந்தன. ஸ்டாலின் காலத்தில் சிறையிலிருந்த விளாதிஸ்வாவ் கொமுல்கா கட்சித் தலைமைக்குத் திரும்பினார். மாஸ்கோவைச் சமாதானப்படுத்தியாயிற்று; சொந்த மக்களை அமைதிப்படுத்த அவருக்கு ஒரே ஒரு மனிதர் தேவைப்பட்டார். அவரோ கொமான்ச்சாவில் காவலில் இருந்தார்.

அக்டோபர் 26 அன்று கொமுல்காவின் தூதர்களாக க்ளிஷ்கோவும் பியென்கோவ்ஸ்கியும் மலையேறி வந்தார்கள். உடனே வார்சாவுக்குத் திரும்பும்படி கேட்டார்கள். மூன்று ஆண்டுகள் அடைபட்டிருந்தவர் அந்தச் சொல்லுக்கு எழுந்து ஓடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விஷின்ஸ்கி நிபந்தனைகளைச் சொன்னார். பிப்ரவரி 9 ஆணை போக வேண்டும். சிறையிலும் வெளியேற்றத்திலும் உள்ள ஆயர்கள் தங்கள் மறைமாவட்டங்களுக்குத் திரும்ப வேண்டும். காச்மாரெக் விடுதலையாக வேண்டும். மேற்குப் பகுதிகளில் திருச்சபையின் நியமனங்கள் சீராக வேண்டும். கத்தோலிக்கப் பத்திரிகைகள் திரும்ப வேண்டும். தூதர்கள் ஒப்புக்கொண்டார்கள். 28 ஞாயிறு அன்று அவர் மியோதோவா தெருவுக்கு வந்துசேர்ந்தார். முற்றமும் தெருவும் மக்கள். அதே நாட்களில் புடாபெஸ்டில் எழுச்சி நடந்துகொண்டிருந்தது. விடுதலையான மின்ட்சென்டி நவம்பர் 4 அன்று சோவியத் டாங்குகள் நுழைந்தபோது அமெரிக்கத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். 15 ஆண்டுகள் அங்கேயே இருக்க நேர்ந்தது.

டிசம்பர் கடைசி நாளில் 1953 ஆணை நீக்கப்பட்டு, அதைவிடத் தளர்ந்த ஒன்று வந்தது. மறைக்கல்வி பள்ளிகளுக்குத் திரும்பியது. அடுத்து 1957 ஜனவரி 20 தேர்தல். இடங்களைவிட அதிக வேட்பாளர்கள் இருந்ததால், மக்கள் கம்யூனிஸ்ட் பெயர்களை அடித்துவிடுவார்களோ என்று கொமுல்கா அஞ்சினார். அப்படி நடந்தால் அடுத்து வருவது டாங்குகள்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வாக்களிப்பது கடமை என்று ஆயர்கள் அறிவித்தார்கள். மக்கள் சாவடிக்குப் போக இடைஞ்சல் இல்லாதபடி திருப்பலி நேரங்களை வைக்கும்படி குருக்களைக் கேட்டுக்கொண்டார்கள். கர்தினால் தானும் போய் வாக்களித்தார். தேர்தல் கொமுல்காவுக்குச் சாதகமாக முடிந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1961 ஜூலையில், அதே கொமுல்காவின் அரசு மறைக்கல்வியைப் பள்ளிகளிலிருந்து மறுபடியும் வெளியேற்றியது. விஷின்ஸ்கி பங்குகளில் மறைக்கல்வி மையங்களைத் திறக்கச் சொன்னார். அவற்றைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தபோது கடிதம் எழுத உட்கார்ந்தார்.

(அடுத்த இதழில்: 1966, ஆயிரமாவது ஆண்டும் காவல்துறை பிடித்துவைத்த அன்னையின் படமும்)